அகற்றக் கூடாதவள்

பவுனுத்தாயை மலையை விட்டு இறக்கக் கூடாது என்று தராசு சொல்லிவிட்டது.

மேஸ்திரி தவமணி அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். தைலமரத் தடிகள் அடுக்கிய களத்தில் அவள் பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. மரம் சாய்க்க இயந்திரம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பட்டையை மட்டும் ஆள்தான் உரிக்க வேண்டும், உரித்த பட்டை காட்டிலேயே கிடந்து மக்க வேண்டும் என்பது தராசின் உத்தரவு. அவளுக்கு வேலை இருந்ததே அந்த உத்தரவால்தான்.

"யக்கா, நெசமாத்தான். நீ போனா காடு தாங்காதாம்."

"அதுக்கும் என் மேல ஆசை வந்துருச்சாக்கும்" என்றாள். பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

தராசுக்கு அரசாங்கம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. காட்டில் உள்ள ஒவ்வொன்றும் காட்டுக்கு என்ன தருகிறது என்று எடை போடும் இயந்திரம் அது. இந்த மரம் எவ்வளவு தண்ணீரை நிறுத்துகிறது, அந்தப் புதர் எவ்வளவு மண்ணைப் பிடிக்கிறது, எதை எடுத்தால் எது குறையும். மண்ணுக்குள்ளும் மரங்களிலும் அதன் காதுகளைப் புதைத்திருந்தார்கள். காட்டிலிருந்து எதை வெளியே கொண்டுபோனாலும் அதனிடம் கேட்டாக வேண்டும். தடி, கல், ஆடு, துருப்பிடித்த லாரி. ஆள் மாற்றலாகிப் போனாலும் ஒரு சடங்குக்குக் கேட்பார்கள். ஆட்களைப் பற்றி அது ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இப்போது திறந்துவிட்டது. 'அகற்றக் கூடாது.' சோலைக்குள் நிற்கும் பழைய மரங்களுக்கு அது சொல்லும் அதே சொல்.

பவுனுத்தாயின் புருஷன் ஒச்சப்பன் கீழே ஆலையில் இருந்தான். இங்கே வெட்டுகிற தடி அங்கேதான் கூழாகிக் காகிதமாகிறது. எட்டு வருடமாக அவன் கீழே, அவள் மேலே. இப்போதுதான் ஆலைக்குள் குடியிருக்க வீடு கிடைத்திருந்தது. அவளுக்கும் தடிக்கிடங்கில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் அவள் போய்ச் சேராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

தராசு தப்பாகச் சொல்லியிருக்கும் என்று தவமணி மேலே எழுதிக் கேட்டார். அதற்குப் பதிலாக மெர்லின் வந்தாள்.

மெர்லின் தராசைப் படித்துச் சொல்லும் அதிகாரி. சின்ன வயது. நாகர்கோவில் பக்கம். மலைக் குளிருக்குக் காதை மூடித் துண்டு கட்டியிருந்தாள். பவுனுத்தாயின் வீட்டு வாசலிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒரு மாசம் கீழ போய் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அப்ப ஊற்று இறங்கியிருக்கு. போன சித்திரைத் திருவிழாவுக்குப் போயிருக்கீங்க. அப்பவும் இறங்கியிருக்கு. நீங்க திரும்பி வந்த பிறகு மெல்ல ஏறுது. ஒரு தடவைன்னா தற்செயல்னு விட்டுரலாம். நீங்க போற ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

ஊற்று என்றால் சதுப்பில் இருக்கும் ஊற்று. சோலைக்கு நடுவே பள்ளமாக ஒரு சதுப்பு நிலம். பஞ்சு மாதிரி பாசி. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கீழே இருக்கும் டவுன் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. அந்த ஊற்று குறையாத வரைக்கும்தான் கம்பெனி சுற்றிலும் தைலமரம் வெட்டலாம். குறைந்தால் வெட்டு நிற்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

"நான் என்ன செஞ்சேன் மேடம்? நான் அந்த ஊத்துப் பக்கம் எறங்குனதே இல்ல."

"அதான் எங்களுக்கும் புரியல."

"அதுகிட்டயே கேளுங்க."

"அதுக்கும் தெரியாதுக்கா. ஒண்ணை எடுத்தா என்ன குறையும்னு சொல்லும். ஏன்னு சொல்லாது."

பவுனுத்தாய் யோசித்தாள். "நான் பேசுறதெல்லாம் கேக்குமா அது?"

"இல்லக்கா. மனுசக் குரல் காதுல விழுந்தா அந்த நிமிசமே அழிச்சிரணும்னு சட்டம். ஒட்டுக் கேக்கக் கூடாதுல்லா. அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க ஒரு செருப்புச் சில்லு. அங்கிட்டு நடக்குது, இங்கிட்டு நடக்குது. அவ்வளவுதான்."

வெட்டும் இயந்திரத்துக்கு ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று எல்லோர் செருப்பிலும் சில்லு வைத்திருந்தார்கள். பவுனுத்தாய் தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவள் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போனால் யார் தடுப்பார்கள்?

யாரும் தடுக்க முடியாது என்றாள் மெர்லின். சட்டம் 'காட்டில் உள்ள எதுவும்' என்றுதான் சொல்கிறது. மனுசரும் அதில் சேர்த்தியா என்று எழுதியவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் அவள் போய், ஊற்று இறங்கினால், வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒருவருக்கும் வேலை இருக்காது. மெர்லின் இதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அன்றிலிருந்து லைனில் எல்லோரும் அவளிடம் மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்துக்கு முதலில் இடம் விட்டார்கள். பிள்ளைக்காரி ஒருத்தி வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம், அவள் போகலாம் என்று மெர்லின் சொன்னாள். அதனால் எல்லோரும் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள். அவள் கஞ்சித் தண்ணீரை வேலிக்கு ஊற்றுகிறாள், அதுதான் என்றாள் ஒருத்தி. வெற்றிலை எச்சில் என்றாள் இன்னொருத்தி. அவள் ஒதுங்குகிற இடத்தைப் போய்ப் பாருங்கள், அங்கேதான் செடி தளதளவென்று நிற்கிறது என்றார் தவமணி. மெர்லின் அதையும் போய்ப் பார்த்து, மண்ணை ஒரு பையில் எடுத்துக்கொண்டாள்.

பிறகு பவுனுத்தாயின் பின்னாலேயே நடந்தாள். எப்போதும்போல இருங்கள் என்றாள். எப்போதும் எப்படி இருந்தோம் என்று பவுனுத்தாய்க்கு மறந்துபோயிற்று. எச்சில் துப்பும்போது இதுதானோ என்று பார்த்தாள். ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டு, தள்ளியிருக்கக் கூடாதோ என்று திரும்ப எடுத்து வைத்தாள். அவளால் ஒரு தடியை ஒழுங்காக உரிக்க முடியவில்லை. தனக்குள் வேறு யாரோ இருந்து, தனக்குத் தெரியாமல் எதையோ செய்துகொண்டிருப்பது போல இருந்தது.

சாயங்காலம் வேலை விட்டதும் பாறைக்குப் போவாள். தராசின் காதுகளுக்கு இடைஞ்சல் என்று காட்டுக்குள் செல்போன் கோபுரம் கிடையாது. கீழே டவுன் கோபுரத்தின் சிக்னல் இரண்டே இடத்தில் கிடைக்கும். ஒன்று டீக்கடை வளைவு. அங்கே எல்லோரும் நின்று பேசுவார்கள், எல்லோரும் கேட்பார்கள். ராத்திரி புருஷனைத் திட்டினால் காலையில் லைனே அவனுக்காகப் பரிந்து பேசும். இன்னொன்று சதுப்புக்கு மேலே இருக்கும் பாறை. அங்கே பேய்க்காற்று. யாரும் வர மாட்டார்கள். பவுனுத்தாய் எட்டு வருடமாக அங்கேதான், காற்றுக்கு மேலே கத்திப் பேசினாள்.

மெர்லின் பாதை வரைக்கும் கூடவே வந்தாள்.

"வீட்டுக்காரர்கிட்டப் பேசப் போறேன் மேடம்."

"பேசுங்கக்கா. நான் இப்படியே போறேன்."

புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நிற்பது அழகல்ல என்று மெர்லின் எல்லா நாளும் அங்கிருந்தே திரும்பிவிட்டாள்.

மாதக் கடைசி நெருங்கியது. காரணம் தெரியவில்லை. அப்போது கம்பெனியில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. அவளைக் கீழே அனுப்ப முடியாது. அவனை மேலே அனுப்பலாமே. ஒச்சப்பனுக்கு மலைமேல் கிடங்குக் காவல் என்று புதிதாக ஒரு வேலை போட்டார்கள்.

அவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு லாரியில் வந்து இறங்கினான். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. போனில் கேட்கிற குரலைவிட ஆள் சின்னதாக இருந்தான். பவுனுத்தாய் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். லைனில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆலை வீட்டுக்கு யாரும் வருத்தப்படவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

அவன் அதிகம் பேசவில்லை. காலையில் எழுந்து விறகு பிளந்து வைப்பான். சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நெருப்பைப் பார்ப்பான். சோறு போட்டால் சாப்பிடுவான். உப்புக் காணுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவான். போனில் ஆலைக் கதை, மெஷின் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொன்ன ஆள் இவன்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் ராத்திரி குளிருக்கு அவன் முதுகு சூடாக இருந்தது. இதுபோதும் என்று இருந்தாள்.

ஊற்று இறங்க ஆரம்பித்தது.

பவுனுத்தாய் எங்கும் போகவில்லை. அதே களம், அதே கத்தி, அதே கஞ்சித் தண்ணீர். ஆனாலும் இறங்கியது. மெர்லின் மறுபடி வந்தாள். இந்த முறை சதுப்புக்குள் இறங்கிப் பார்த்தாள். காட்டுமாடுகள் கூட்டமாக வந்து பாசியை மிதித்து, புரண்டு, சேறாக்கியிருந்தன. சோலை மரக்கன்றுகளைக் கடித்துப் போட்டிருந்தன. மிதிபட்ட ஓரங்களில் பஞ்சு மாதிரி இருந்த மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது.

"காட்டுமாடு வருது, மிதிக்குது. அது தராசுக்கும் தெரியுது" என்றாள். "முன்னாடி ஏன் வரல, இப்ப ஏன் வருது? அதுதான் தெரியல."

வேலி போட முடியாது. காட்டுமாடு போகிற வழியும் தராசில் எடையுள்ளது. தவமணி ஆட்களைக் கூட்டிப் போய்த் தகரம் தட்டினார். பட்டாசு போட்டார். கோயில் மைக் செட்டைக் கொண்டுபோய் வைத்துச் சினிமாப் பாட்டுப் போட்டார். முதலில் ஓடின. பிறகு பழகிக்கொண்டன.

"பாட்டக் கேட்டுக்கிட்டே மேயுதுக்கா" என்றார் பவுனுத்தாயிடம். "ஒரே சத்தத்தப் போட்டா அதுகளுக்கும் தெரிஞ்சு போயிருது." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

பிறகு தராசு இன்னொன்று சொன்னது. மெர்லின் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது ஒச்சப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவள் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அக்கா, இதை எப்படிச் சொல்லன்னு தெரியல. அண்ணனை அகற்றணும்னு வருது."

கோடரி நின்றது.

"அகற்றலாம்னு இல்ல. அகற்றணும்னு. காட்டைக் கெடுக்கிற பார்த்தீனியத்துக்கு, சீகை மரத்துக்குச் சொல்லுமே, அது மாதிரி. இவர் வந்த நாளிலிருந்துதான் குறையுதாம்."

"அவரு என்ன செஞ்சாரு?" என்றாள் பவுனுத்தாய். "அடுப்படியிலயே உக்காந்திருக்காரு. பேசக்கூட மாட்டாரு."

வரும் மழைக்காலத்துக்குள் ஊற்று ஏறாவிட்டால் வெட்டு நின்றுவிடும், அதுவரைக்கும் அவனை அனுப்புவதைத் தன்னால் தள்ளிப்போட முடியும் என்று மட்டும் மெர்லின் சொன்னாள். ஒச்சப்பன் கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனான். அன்று இரவு அவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் வேலை விட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கால்கள் பாறைக்குப் போயின. அவன் வந்ததிலிருந்து அங்கே போக வேண்டிய தேவை வரவில்லை. எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். காற்று அப்படியேதான் இருந்தது.

கீழே சதுப்பில் காட்டுமாடுகள் நின்றன. கருப்பாக, பெரிசாக, வெள்ளைக் கால்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு. கன்றுகள்கூட இருந்தன. எட்டு வருடத்தில் அவள் அங்கே ஒரு மாட்டைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. அது இருக்காது என்று எழுந்துகொண்டாள். பாதி வழியில் நின்றாள். இருக்குமோ என்று தோன்றியது. வீடு வந்து சேருவதற்குள் இருக்கும், இருக்காது என்று எத்தனையோ முறை மாறிவிட்டது. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு பொம்பளை புருஷனோடு போனில் பேசினால் மலையில் தண்ணீர் ஊறுமா? சொன்னால் தவமணி அதை டவுன் வரைக்கும் கொண்டுபோவார்.

அடுத்த நாள் சாயங்காலம் சோறு தின்றதும் ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பாறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாடுகள் ஏற்கெனவே வந்திருந்தன.

"ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

"என்னத்தப் பேச?"

"போன்ல பேசுவீகளே, அது மாதிரி."

அவன் யோசித்தான். மாடுகளைப் பார்த்தான். "பெரிய மாடா இருக்கு" என்றான். அவள் ஆமாம் என்றாள். அவள் ஆலையைப் பற்றிக் கேட்டாள். ஆலை அப்படியேதான் இருக்கும் என்றான். மதியக் குழம்பைப் பற்றிக் கேட்டாள். நன்றாக இருந்தது என்றான். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி பேசினார்கள். காற்று அதையும் கொண்டுபோயிற்று. கீழே ஒரு மாடு சேற்றில் படுத்துப் புரண்டது.

அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருக்கிறான். தொட்டுக்கொண்டுகூட இருக்கிறான். எட்டு வருடம் இதற்குத்தானே ஏங்கினாள். பேச ஒரு வார்த்தை இல்லை.

ஒச்சப்பன் எழுந்தான். வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டினான். "இந்தா வாரேன்" என்று இறங்கிப் போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குத்தான் என்று நினைத்தாள். இனி அவளும் எழுந்து போக வேண்டியதுதான். ஆனால் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

மடியில் போன் அடித்தது.

"பவுனு."

"எங்க இருக்கீக?"

"டீக்கடை வளைவுல." அவன் குரல் பழைய குரலாக இருந்தது. நீளமாக, இரைச்சலோடு, பக்கத்தில். "இந்தா புள்ள, ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா சொல்ல வரல."

"சொல்லுங்க."

"நான் கீழ போறேன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அன்னைக்கு அவுக வந்துட்டுப் போகவும் பின்னாலயே ஓடிப் போயிச் சொல்லிட்டேன். லாரி வரவும் ஏறிக்கிறேன்னு."

அவள் எழுந்து நின்றாள்.

"எங்கிட்டக் கேக்காமயா?"

"ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல பவுனு. இத்தன குடும்பம் இருக்கு. நான் ஒருத்தன்."

அதற்குப் பிறகு பவுனுத்தாய் பேசினாள். என்ன பேசினாள் என்று பிற்பாடு அவளுக்கே கோர்வையாக நினைவில்லை. கல்யாணத்தன்று அவன் தாய்மாமன் சொன்ன வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் தான் அவன் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்ததைச் சொன்னாள். தலையாட்டிச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளைச் சோற்றையும் சொன்னாள். ஊரெல்லாம் குடும்பம், நான் மட்டும் என்ன சீகை மரமா என்று கேட்டாள். குரல் பாறையில் மோதி எதிர்ச் சரிவுக்குப் போய்த் திரும்பியது. அவன் ஒன்று சொன்னான், அவள் பத்துச் சொன்னாள். அவனும் குரலை உயர்த்தினான். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்திருப்பார்கள்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது சதுப்பைப் பார்த்தாள்.

காலியாக இருந்தது. மாடுகள் நின்ற இடத்தில் குளம்புத் தடங்களில் தண்ணீர் மட்டும் மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் சீகைப் புதர்கள் அசைந்தன. அது மாடா, காற்றா என்று தெரியவில்லை. அவளுக்குப் பயந்து போயினவா, போகும் நேரம் வந்து போயினவா, அதுவும் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. தராசு இந்நேரம் அவள் பேசியதை எல்லாம் அழித்திருக்கும்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கீகளா?"

"இருக்கேன்."

"லாரியெல்லாம் ஏற வேணாம். காலையில அந்தம்மாகிட்டப் போயி இல்லன்னு சொல்லிருங்க."

"அப்புறம் ஊத்து?"

பனி சதுப்பின் மேல் இறங்க ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாளைக்கும் சோறு தின்னுட்டு டீக்கடைக்குப் போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்கும் தெரியல. போங்க."

அவன் சரி என்றான். பிறகு, இங்கே எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், வைக்கட்டுமா என்று கேட்டான்.

"வெச்சிராதீக."

"வைக்கல" என்றான் ஒச்சப்பன். "நீ திட்டு."